ஆறாவது வெற்றி எங்கிருந்து வருகிறது?

அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் ஆடப்பெறும் கால்பந்து, பெயரளவில்தான் கால்பந்து. நீள் உருண்டையான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், தொலைவில் நிற்கும் துணைவனுக்கு எறிவதும், ஓடுகின்றவனை மறித்து வீழ்த்துவதுமே அங்கு ஆட்டம். காலுக்கு வேலை எப்போதாவதுதான். நம் விடுதியில் ஞாயிறு விடியலில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு இவ்வாட்டத்தைக் காண்போர் இருவர் மூவர் உளர். அவர்களைக் கண்டு சிரிப்போர் பலர் உளர். சிரிப்போருள் ஒருவரான கணிதத் துறை நண்பர் அண்மையில் ஒரு கேள்வி எழுப்பினார்: "பன்னிரண்டு ஆட்டத்தில் ஆறு தோற்ற அணியையும் பருவ முடிவில் சிறப்பு ஆட்டத்துக்கு அழைக்கிறார்களாமே! பாதி தோற்றவனுக்கு என்ன சிறப்பு?"

கேள்வி நியாயமானதே. ஆனால் அதைவிடச் சுவையான கேள்வி ஒன்று அதனுள் ஒளிந்திருக்கிறது. அந்த ஆறு வெற்றிகள் யாரை வென்று பெற்றவை? அந்த எதிரிகளைத் தேர்ந்தெடுத்தவர் யார்? எப்போது? இதை ஆராயப் புகுந்தால், ஓர் அணியின் டிசம்பர் மாதத்து விதி ஆடுகளத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை, சில ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அலுவலக மேசையில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது என்பது விளங்கும்.

முதலில் அந்தச் சிறப்பு ஆட்டத்தைப் பற்றிச் சிறிது. அதற்குப் 'பௌல்' என்று பெயர். கிண்ணம் என்பது சொல்லின் பொருள். யேல் பல்கலைக் கழகம் 1914-இல் கிண்ணம் போன்று குழிந்த ஓர் அரங்கைக் கட்டி 'யேல் பௌல்' என்று அழைத்தது. கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் 1922-இல் எழுந்த அரங்கும் அவ்வடிவைத் தழுவி 'ரோஸ் பௌல்' ஆயிற்று. அரங்கின் பெயர் ஆட்டத்தின் பெயராகி, பின்னர்ப் புத்தாண்டை ஒட்டி நடக்கும் இத்தகைய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பாசடீனாவின் ரோசாப்பூ விழாவில் முதல் ஆட்டம் நடந்தது 1902-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில். மிச்சிகன் 49, ஸ்டான்போர்டு 0. இவ்வளவு ஒருதலையான ஆட்டத்தைக் கண்ட விழாக் குழுவினர் கால்பந்தையே கைவிட்டுச் சில ஆண்டுகள் தேர்ப் பந்தயம் நடத்தினர் என்றால் நம்புவது கடினம், ஆனால் உண்மை. 1916-இல்தான் கால்பந்து திரும்பியது. 1930-களில் ஆரஞ்சு, சுகர், காட்டன் என்ற பெயர்களில் தென்பகுதி நகரங்களும் தத்தமக்கு ஒரு பௌலை அமைத்துக்கொண்டன. குளிர்காலத்தில் வெளியூராரை வரவழைத்து விடுதிகளையும் உணவகங்களையும் நிரப்புவது நகரத்தாரின் நோக்கங்களுள் ஒன்று. நோக்கம் நிறைவேறவே, எண்ணிக்கை பெருகியது. 2015-ஆம் ஆண்டுப் பருவத்தில் 40 பௌல் ஆட்டங்கள். ஆக 80 இடங்கள். மேற்பிரிவில் அப்போது இருந்த அணிகளோ 128.

நாட்டின் முதல் அணி எது என்று தீர்க்கும் ஆட்டங்கள் தனி. 2014-ஆம் ஆண்டுப் பருவம் முதல் அவற்றில் நான்கு அணிகளும், 2024 முதல் பன்னிரண்டு அணிகளும் இடம்பெற்றன. அந்த உச்சத்து அணிகளைப் பற்றி ஏடுகள் எழுதிக் குவிக்கின்றன, நாம் விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது நடுவில் நிற்கும் அணி. அந்த அணிக்குப் பௌல் என்றால் டிசம்பர் மாதத்தில் சுமார் பதினைந்து நாள் கூடுதல் பயிற்சி. இளைய ஆட்டக்காரர்களுக்கு அது பெரும் பேறு. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஓர் ஆட்டம். பள்ளியிறுதி மாணவர்களை அணிக்கு ஈர்க்கும்போது சொல்லிக்கொள்ள ஒரு சொல். பயிற்சியாளருக்கு இன்னும் ஓராண்டு வேலை. பாதி தோற்றவனுக்கு என்ன சிறப்பு என்று கேட்ட நண்பருக்கு இதுவே பாதி விடை.

தகுதி விதி எளிது. 2006 முதல் ஒவ்வோர் அணியும் பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம் ஆடுகிறது. அதற்கு முன் பெரும்பாலான ஆண்டுகளில் பதினொன்று. தோல்விகள் வெற்றிகளை விஞ்சாமல் ஆறு வெற்றி பெற்றால் அணி பௌலுக்குத் தகுதி பெறும். தகுதி வேறு, அழைப்பு வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2012-இல் லூயிசியானா டெக் அணி ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி என்ற நிலையிலும், வந்த அழைப்புக்கு மறுமொழி தாழ்த்தியதால் எந்தப் பௌலும் இன்றி வீட்டில் இருந்தது. எனினும் தகுதி இல்லாதவனுக்குப் பேச்சே இல்லை.

இனிப் பன்னிரண்டு ஆட்டங்களைப் பிரித்துப் பார்ப்போம். பெரும்பாலான பல்கலைக் கழகங்கள் ஏதேனும் ஒரு கூட்டமைப்பில் உறுப்பாக உள்ளன. பிக் டென், எஸ்.இ.சி., ஏ.சி.சி., பிக் 12 என்பன பெரியவை. பிக் டென் என்னும் பெயருக்குப் பொருள் 'பெரிய பத்து'. 2015-இல் அதன் உறுப்பினர் பதினால்வர். அமெரிக்கரின் எண்ணறிவைப் பற்றி இங்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. பன்னிரண்டில் எட்டோ ஒன்பதோ ஆட்டங்கள் கூட்டமைப்புக்குள்ளேயே நடக்கும். யாரோடு ஆடுவது என்பதைக் கூட்டமைப்பே வகுத்துவிடும். எஞ்சிய மூன்றோ நான்கோ ஆட்டங்கள் வெளியாரோடு. அவர்களைத் தேடிப் பிடித்து ஒப்பந்தம் செய்வது பல்கலைக் கழகத்தின் பொறுப்பு. முன்னதை அக ஆட்டம் என்றும் பின்னதைப் புற ஆட்டம் என்றும் இக்கட்டுரையில் அழைக்கிறேன். இலக்கிய மாணவர்கள் பொறுத்தருள்க.

பௌதிகம் படிப்பவனுக்கு இங்கே ஒரு பழைய நண்பன் எதிர்ப்படுகிறான்: அழியா விதி. வெளியிலிருந்து வெப்பம் புகாத பாத்திரத்துக்குள் நீரை எப்படிக் கலக்கினாலும் மொத்த வெப்பம் மாறாது. ஒரு பகுதி சூடாகலாம், மற்றொரு பகுதி ஆறலாம், அவ்வளவே. கூட்டமைப்பும் அத்தகைய பாத்திரமே. அக ஆட்டம் ஒன்றில் ஒருவன் வென்றால் அதே கூட்டமைப்பைச் சேர்ந்த இன்னொருவன் தோற்றாக வேண்டும். பதினான்கு அணிகள் எட்டு எட்டு ஆட்டம் ஆடினால் மொத்தம் 56 ஆட்டம். வெற்றி 56, தோல்வி 56. எத்துணைத் திறமையான பயிற்சியாளர்களை அமர்த்தினாலும், எத்தனை கோடி டாலர் செலவிட்டாலும், கூட்டமைப்பின் அக வெற்றி 57 ஆகாது. சராசரி அணிக்கு எட்டில் நான்கு. ஆறுக்கு இன்னும் இரண்டு வேண்டும். அந்த இரண்டு புறத்திலிருந்துதான் வர முடியும். பாத்திரத்தின் மூடி திறந்திருக்கும் இடம் அது ஒன்றே.

இதை வெறும் ஏட்டுக் கணக்கு என்று எண்ணுவோருக்கு 2015-ஆம் ஆண்டின் பிக் டென் கூட்டமைப்பே விடை கூறும். அவ்வாண்டு அங்கே எட்டு அக ஆட்டம், நான்கு புற ஆட்டம். மூன்று அணிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: இந்தியானா, மின்னசோட்டா, நெப்ராஸ்கா.

இந்தியானா அகத்தில் இரண்டு வென்று ஆறு தோற்றது. மின்னசோட்டாவும் இரண்டு வென்று ஆறு தோற்றது. நெப்ராஸ்கா சற்று மேல். மூன்று வென்று ஐந்து தோற்றது. அக ஆட்டங்களை மட்டும் கண்டவர், தகுதி பெற வேண்டியது நெப்ராஸ்கா என்றே சொல்வார். நடந்தது வேறு. இந்தியானா புறத்தில் நான்கையும் வென்று ஆறுக்கு ஆறு என்று தகுதி பெற்றது. மின்னசோட்டா புறத்தில் மூன்று வென்று ஒன்று தோற்று ஐந்துக்கு ஏழு ஆயிற்று. நெப்ராஸ்கா புறத்தில் இரண்டு வென்று இரண்டு தோற்று அதுவும் ஐந்துக்கு ஏழு.

மின்னசோட்டா தோற்ற அந்த ஒரு புற ஆட்டம் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக் கழகத்தோடு. நாட்டின் தரப் பட்டியலில் அப்போது இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்டிருந்த அணி அது. 23-க்கு 17 என்று, ஆறே புள்ளியில் தோல்வி. அந்த நாளில் எளிய அணி ஒன்றை அழைத்திருந்தால் மின்னசோட்டாவுக்கு ஆறாவது வெற்றி கிடைத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. நெப்ராஸ்காவின் கதை இன்னும் வருத்தமானது. பருவத்தின் முதல் ஆட்டத்தில் யூட்டா மாநிலத்துப் பிரிகாம் யங் பல்கலைக் கழகத்தோடு ஆடி, கடிகாரம் ஓய்ந்த நொடியில் 42 கெச தூரத்திலிருந்து எறிந்த பந்து எதிராளியின் கையில் விழ, 33-க்கு 28 என்று தோற்றது. பின்னர் மயாமியிடம் கூடுதல் நேரத்தில் 36-க்கு 33 என்று தோற்றது. இரண்டும் தேடிப் போய் வாங்கிக்கொண்ட ஆட்டங்கள்.

ஆகவே இந்தியானா தந்திரமாகச் சோப்ளாங்கிகளை அழைத்து வென்றது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அதன் நான்கு புற எதிரிகளுள் மேற்குக் கென்டக்கி அந்தப் பருவத்தில் பன்னிரண்டு ஆட்டம் வென்று தன் கூட்டமைப்புக்குத் தலைமை பெற்ற அணி. 38-க்கு 35 என்றுதான் அதை வெல்ல முடிந்தது. வேக் பாரஸ்ட்டும் பெரிய கூட்டமைப்பைச் சேர்ந்ததே. இந்தியானாவை உண்மையில் உயிர் நடுங்கச் செய்தது கீழ்ப்பிரிவிலிருந்து அழைத்த தெற்கு இல்லினாய் அணி. அந்த ஆட்டம் 48-க்கு 47. கடைசி நேரத்தில் சமன் செய்ய ஒரு புள்ளி போதும் என்ற நிலையில், தெற்கு இல்லினாய் துணிந்து இரண்டு புள்ளிக்கு முயன்று தவறியது. அம்முயற்சி பலித்திருந்தால் இந்தியானாவும் ஐந்துக்கு ஏழுதான். எளிய எதிரி என்பது முன்கூட்டி எண்ணிக்கொள்வது. சனிக்கிழமை அதை மதிப்பதில்லை.

அந்த ஆண்டின் முடிவு வேடிக்கையானது. 80 இடத்துக்குத் தகுதி பெற்ற அணிகள் போதவில்லை, மூன்று குறைந்தன. ஐந்து வெற்றி பெற்ற அணிகளுள் மாணவர்களின் படிப்பு முன்னேற்றத்துக்கு அளிக்கப்படும் மதிப்பெண் எவற்றுக்கு உயர்வோ அவற்றை எடுத்துக்கொள்வதென முடிவாயிற்று. நெப்ராஸ்கா, மின்னசோட்டா, சான் ஓசே ஸ்டேட் என்னும் மூன்றும் அவ்வாறு நுழைந்தன. ஆட்டக்காரர்கள் வகுப்புக்கு ஒழுங்காகச் சென்றதால் பௌலுக்குச் சென்ற அணிகள்! மூன்றும் தத்தம் பௌலை வென்றன. முறையாகத் தகுதி பெற்ற இந்தியானாவோ நியூயார்க்கில் டியூக் அணியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. தகுதி வேறு, திறமை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

புற ஆட்டம் எப்படிக் கிடைக்கிறது? சமமான இரு அணிகளாயின் ஓராண்டு உன் ஊரில், மறு ஆண்டு என் ஊரில் என்று ஒப்பந்தம் செய்துகொள்வர். சமமற்றவையாயின் வழி வேறு. பெரியவர் சிறியவருக்கு ஒரு தொகை கொடுத்துத் தம் ஊருக்கு அழைப்பார். சிறியவர் திருப்பி அழைக்க உரிமை இல்லை. சிறியவர் வருவார், பெரும்பாலும் தோற்பார், காசோலையோடு திரும்புவார். எல்லா வேளையிலும் தோற்பதில்லை என்பதே இவ்வாட்டத்தின் உயிர். 2007-இல் மிச்சிகன் 4 இலட்சம் டாலர் கொடுத்து அழைத்த அப்பலாச்சியன் ஸ்டேட், ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் 34-க்கு 32 என்று வென்றுவிட்டுச் சென்றது. 2017-இல் நெப்ராஸ்கா 8 இலட்சத்து 20 ஆயிரம் டாலர் கொடுத்து வடக்கு இல்லினாய் அணியை அழைத்து 21-க்கு 17 என்று தோற்றது. அதே வாரத்தில் அப்பல்கலைக் கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவர் வேலை இழந்தார்.

வென்றவர்களின் பெயர் நிலைக்கிறது. தோற்க விற்றுக்கொண்டவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். ஜார்ஜியா மாநிலத்துச் சவன்னா ஸ்டேட் என்பது கறுப்பின மக்களுக்காக எழுந்த ஒரு சிறிய பல்கலைக் கழகம். 2012-இல் அது அடுத்தடுத்த வாரங்களில் ஓக்லகோமா ஸ்டேட், புளோரிடா ஸ்டேட் என்னும் இரு பேரணிகளோடு ஆடியது. முதலாவது 84-க்கு 0. இரண்டாவது 55-க்கு 0 என்ற நிலையில் மழையும் இடியும் வந்து மூன்றாம் காற்பகுதியில் நிறுத்தப்பட்டது. இயற்கை இரங்கிற்று என்றே சொல்ல வேண்டும். இரண்டுக்குமாகக் கிடைத்தது 8 இலட்சத்து 60 ஆயிரம் டாலர். சிறிய பல்கலைக் கழகத்தின் விளையாட்டுச் செலவில் அது பெரும் பங்கு. ஆயினும் காலம் தள்ள முடியவில்லை. 2019-இல் சவன்னா ஸ்டேட் இரண்டாம் நிலைப் பிரிவுக்கு இறங்கிவிட்டது.

இதில் புளோரிடா ஸ்டேட்டை மட்டும் குறை சொல்வதும் முறையன்று. அந்நாளுக்கு அவர்கள் ஒப்பந்தம் செய்திருந்தது மேற்கு வெர்ஜீனியா அணியோடு. அவ்வணி அவ்வாண்டு பிக் 12 கூட்டமைப்புக்கு மாறியது. பிக் 12-இல் அக ஆட்டம் ஒன்பது. புறத்துக்கு மூன்று நாள்தான் மிச்சம். எனவே மேற்கு வெர்ஜீனியா ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. கடைசி வேளையில் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்பச் சவன்னா ஸ்டேட் வந்தது. ஓரிடத்தில் ஓர் அக ஆட்டம் கூடியதன் எதிரொலி எங்கோ ஒரு சிறிய அணியின் மேல் 55 புள்ளியாக விழுந்தது.

கீழ்ப்பிரிவு அணியை வென்றால் அது தகுதிக் கணக்கில் சேருமா? இதற்கும் விதி உண்டு. முன்பு நான்காண்டுக்கு ஒருமுறைதான் அத்தகைய வெற்றி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது. பன்னிரண்டாவது ஆட்டம் வந்தபோது ஆண்டுக்கு ஒன்று என்று தளர்த்தினர். இரண்டு கீழ்ப்பிரிவு அணிகளை வென்றாலும் ஒன்றே எண்ணப்படும். 2012-இல் புளோரிடா ஸ்டேட் சவன்னாவோடு மர்ரே ஸ்டேட் என்னும் இன்னொரு கீழ்ப்பிரிவு அணியையும் வென்றிருந்தது. மொத்தம் பன்னிரண்டு வெற்றி பெற்ற ஆண்டாதலால் அதனால் கேடில்லை. ஆறாவது வெற்றிக்குத் தவிக்கும் அணியாயிருந்தால் அழிந்திருக்கும். அந்நாளில் மேலும் ஒரு நிபந்தனை இருந்தது: அந்தக் கீழ்ப்பிரிவு அணி, தனக்கு அனுமதிக்கப்பட்ட 63 உதவித்தொகைகளில் ஈராண்டுச் சராசரியாக 90 விழுக்காடாவது வழங்கியிருக்க வேண்டும். பெயருக்கு ஓர் அணியைக் கொண்டுவந்து நிறுத்தி வெற்றி எண்ணக்கூடாது என்பது கருத்து.

இந்த 90 விழுக்காடு ஒருமுறை பெருங்குழப்பம் விளைத்தது. அதே புளோரிடா ஸ்டேட், 2017. 1982 முதல் ஆண்டுதோறும் பௌல் ஆடி வந்த அணி. அவ்வாண்டு செப்டம்பரில் இர்மா புயல் வந்து லூயிசியானா மன்ரோவோடு நடக்கவேண்டிய புற ஆட்டத்தை அடித்துச் சென்றது. பருவ முடிவில் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. தவறிய புற ஆட்டத்தை டிசம்பர் 2-ஆம் நாள் நடத்தினர். முதல் நாள்தான் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ பிஷர் வேறு பல்கலைக் கழகத்துக்குப் போயிருந்தார். 42-க்கு 10 என்ற வெற்றி, ஆறுக்கு ஆறு, தொடர்ச்சி காக்கப்பட்டது. பௌல் அழைப்பும் வந்த பின்னர்தான், அந்த ஆறில் ஒன்றான டெலவேர் ஸ்டேட் வெற்றி (77-க்கு 6) எண்ணத் தக்கதுதானா என்னும் கேள்வி எழுந்தது. டெலவேர் ஸ்டேட் வழங்கிய உதவித்தொகைகள் 90 விழுக்காட்டை எட்டவில்லை என்று செய்தி வெளியாயிற்று. எனினும் புளோரிடா ஸ்டேட் சென்று இன்டிபென்டன்ஸ் பௌலை ஆடி வென்றது. 77 புள்ளி எடுத்தும் அந்த வெற்றி வெற்றிதானா என்று கணக்கர் சொல்ல வேண்டியிருந்தது.

கீழ்ப்பிரிவு வெற்றிகளை அறவே எண்ணக்கூடாது என்பதே என் கருத்தாக இருந்து வந்தது. இன்றும் மனம் அப்பக்கமே சாய்கிறது. ஆனால் எண்ணாவிட்டால் பெரியவர்கள் அழைக்கமாட்டார்கள்; அழைக்காவிட்டால் சிறிய பல்கலைக் கழகத்தின் ஓட்டப் பந்தய அணிக்கும் நீச்சல் அணிக்கும் பணம் எங்கிருந்து வரும்? இதற்கு விடை சொல்லாமல் விதியை மட்டும் திருத்தச் சொல்வது எளிது.

எளிய எதிரிகளை அழைப்பது இழிவா என்ற கேள்விக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. கான்சாஸ் ஸ்டேட் 1980-களின் இறுதியில் நாட்டிலேயே மிக நலிந்த அணிகளுள் ஒன்று; 1987-லும் 1988-லும் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. 1989-இல் பில் ஸ்னைடர் என்பார் பயிற்சியாளராக வந்தார். முதலாண்டில் ஒரே வெற்றி; அதுவும் புற ஆட்டத்தில், வடக்கு டெக்சாசை வென்று. புறத்தில் பேரணிகளைத் தவிர்த்து, வெல்லக்கூடியவர்களை அழைத்து, பையன்களுக்கு வெற்றியின் சுவையை ஊட்டுவது அவர் கைக்கொண்ட வழி. 1993 முதல் தொடர்ந்து பதினோர் ஆண்டு பௌல் ஆடியது அவ்வணி. பலர் நகைத்தனர். தோற்றுத் தோற்றுப் பழகிய பிள்ளைகளை முதல் நாளே மலையோடு மோதவிடுவது வீரம் என்று நான் எண்ணவில்லை. கடினமான தாளை முதற்பருவத்திலேயே வைத்துப் பாதிப் பேரை ஓட்டிவிடும் ஆசிரியரை நாம் யாரும் புகழ்வதில்லை. ஆனால் இவ்வழிக்கு விலையும் உண்டு. 1998-இல் கான்சாஸ் ஸ்டேட் பதினொரு ஆட்டமும் வென்று நின்றபோது, அதன் எளிய புறப் பட்டியலைக் காட்டியே ஐயுற்றோர் பலர். கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் ஒருமுறை தோற்றதும் பெரிய பௌல்கள் எல்லாம் அதைக் கைவிட்டன. ஆறு வேண்டுவோருக்கு உதவும் பட்டியல், பன்னிரண்டு வேண்டுவோருக்குப் பகையாகிறது.

இப்போது எண்களுக்கு வருவோம். கணிதத் துறை நண்பர் காத்திருக்கிறார். அகத்தில் ஒவ்வோர் ஆட்டத்தையும் வெல்ல மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள ஒரு நலிந்த அணியை எடுத்துக்கொள்வோம். எளிய புற ஆட்டங்களை உறுதியாக வெல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். எட்டு அகம், நான்கு எளிய புறம் என்றால், அகத்தில் இரண்டு வென்றால் போதும். ஈருறுப்புப் பரவலின்படி கணக்கிட்டால் தகுதி பெறும் வாய்ப்பு நூற்றுக்கு 80. ஒன்பது அகம், மூன்று எளிய புறம் என்றால் அகத்தில் மூன்று வேண்டும். வாய்ப்பு 62-ஆகக் குறைகிறது. எட்டு அகமே இருந்து, நான்கு புறத்தில் ஒன்று மட்டும் வெல்ல இயலாத பேரணியோடு என்றால், எட்டில் மூன்று வேண்டும், வாய்ப்பு 53. ஆட்டக்காரர் மாறவில்லை, பயிற்சி மாறவில்லை. பட்டியலில் ஒரு வரி மாறியது, ஐந்தில் நான்கு என்றிருந்தது ஏறக்குறையப் பாதியாயிற்று.

அந்தக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. ஒன்பதாவது அக ஆட்டமும், அதே வலிமையுள்ள வெளியார் ஒருவரோடு ஆடும் புற ஆட்டமும் அணிக்கு ஒன்றே. இரண்டிலும் வாய்ப்பு 62. ஆனால் கூட்டமைப்புக்கு ஒன்றல்ல. புறத்தில் ஆடினால் தோல்வி வெளியே போகவும் கூடும். அகத்தில் ஆடினால் தோல்வி வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். பதினான்கு அணிகளுள்ள பிக் டென் 2016-இல் எட்டிலிருந்து ஒன்பதுக்கு மாறியபோது அக ஆட்டம் 56-லிருந்து 63 ஆயிற்று. ஏழு தோல்விகளைத் தானே வரவழைத்துக்கொண்டது. ஏன் செய்தார்கள்? தொலைக்காட்சிக்கு எளிய அணியோடு ஆடும் ஆட்டம் வேண்டா. மிச்சிகனும் பென் ஸ்டேட்டும் மோதுவதே வேண்டும். பார்ப்போர்க்கும் அதுவே விருந்து. ஒன்பது என்பது ஒற்றைப்படை ஆதலால், ஓராண்டில் சிலருக்கு ஐந்து ஆட்டம் சொந்த ஊரில், சிலருக்கு நான்கே. அந்த வேற்றுமையும் விளிம்பில் நிற்போரைத்தான் கடிக்கும்.

விளிம்பில் நிற்போர் எவ்வளவு தூரம் போவர் என்பதற்கு 2018-ஐக் காட்டலாம். புளோரன்ஸ் புயலால் வெர்ஜீனியா டெக் அணிக்குக் கிழக்குக் கரோலினாவோடு இருந்த புற ஆட்டம் போயிற்று. அடுத்த வாரமே, தரப் பட்டியலில் இருந்த அவ்வணி, சிறியதென்று எண்ணிய ஓல்ட் டொமினியனிடம் 49-க்கு 35 என்று தோற்றது. நவம்பர் இறுதியில் நான்கு வெற்றி, ஆறு தோல்வி. மிச்சம் ஓர் ஆட்டம். 1993 முதல் அறுபடாத பௌல் தொடர் அறுந்தது என்றே எல்லாரும் எண்ணினர். ஆனால் அதே புயலால் தென் கரோலினாவோடு ஆட இயலாமற் போன மார்ஷல் அணிக்கும் ஒரு நாள் மிச்சமிருந்தது. வெர்ஜீனியாவை வென்றால் டிசம்பர் முதல் நாள் நாம் ஆடுவோம் என்று இருவரும் நிபந்தனையோடு பேசிக்கொண்டனர். வெர்ஜீனியாவைக் கூடுதல் நேரத்தில் 34-க்கு 31 என்று வென்று, மார்ஷலை 41-க்கு 20 என்று வென்று, ஆறுக்கு ஆறு. தென் கரோலினா தன் ஓட்டையை அக்ரான் அணியைக் கொண்டு அடைத்தது; அக்ரானுக்கு நாள் மிஞ்சியதோ நெப்ராஸ்காவில் பருவத்தின் முதல் நாள் விழுந்த மின்னலால். அட்டவணை என்பது நாம் நினைப்பதுபோல் கல்வெட்டு அன்று.

எஸ்.இ.சி. கூட்டமைப்பு நெடுங்காலம் எட்டு அக ஆட்டத்தை விடாமல் பற்றியிருந்தது. நவம்பர் மாதத்தில்கூட அதன் பேரணிகள் கீழ்ப்பிரிவு அணியொன்றை அழைத்து ஆடுவதைப் பிறர் எள்ளுவர். பௌலுக்கு மிகுதியான அணிகளை அனுப்பி அவர்கள் சிரிப்பர். அதுவும் 2026-ஆம் ஆண்டுப் பருவம் முதல் ஒன்பதுக்கு மாறுவதென 2025 ஆகஸ்டில் முடிவு செய்தது. அங்கு அணிகள் பதினாறு. பதினாறு அணி எட்டு ஆட்டம் ஆடினால் அகத் தோல்வி 64. ஒன்பது ஆடினால் 72. கூடும் எட்டுத் தோல்விகளும் அலபாமாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் போகப் போவதில்லை. ஆறாவது வெற்றியை எதிர்நோக்கி நவம்பர் கடைசி வாரத்தில் நிற்கும் வாண்டர்பில்ட், மிசிசிபி ஸ்டேட், கென்டக்கி போன்றவர்கள், இப்போதே தங்கள் விளையாட்டு அலுவலகங்களில் அமர்ந்து, எஞ்சிய மூன்று புற நாட்களுக்கு யாரை அழைப்பது என்று தொலைபேசியைச் சுழற்றிக்கொண்டிருப்பார்கள்.